பேலூர் மடம்: ஒரு கட்டடம், 40 வருடக் காத்திருப்பு, ஒரு சுப்ரீம் கோர்ட் வழக்கு

தேடுபொறியில் தமிழில் 'பேலூர்'னு அடிச்சா முதலில் வர்றது கர்நாடகாவில் இருக்கும் சென்னகேசவர் கோயில். நாம பார்க்கப் போறது அது இல்லை. மேற்கு வங்கத்தில், ஹவுரா மாவட்டத்தில், ஹூக்ளி நதியின் மேற்குக் கரையில் இருக்கும் பேலூர் மடம். உலகம் முழுக்க 200-க்கும் மேற்பட்ட கிளைகள் வைத்திருக்கும் ராமகிருஷ்ண மடத்துக்கும் ராமகிருஷ்ண மிஷனுக்கும் இதுதான் தலைமையகம்.

சுமார் 40 ஏக்கர் வளாகம். நடுவில் கோயிலா, சர்ச்சா, மசூதியா, அரண்மனையா என்று ஒரே பார்வையில் சொல்ல முடியாத ஒரு கட்டடம். இங்கே இருக்கிறவர்கள் யார், இவர்கள் இந்துக்களா, தனி மதமா, தனி சமயப் பிரிவா என்ற கேள்வியும் அந்தக் கட்டடம் மாதிரியேதான். ஒரே பார்வையில் பதில் கிடைக்காது. 1980-ல் நீதிமன்றம் போன அந்தக் கேள்விக்கு 1995-ல்தான் இறுதிப் பதில் வந்தது.

முதலில் கட்டடத்தைப் பார்ப்போம்.

வாடகை வீட்டிலிருந்து சொந்த நிலத்துக்கு

1886 ஆகஸ்டில் ராமகிருஷ்ணர் மறைந்தபோது அவருடைய இளம் சீடர்களிடம் எதுவும் கிடையாது. வராநகரில் பாழடைந்த ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தார்கள். அதுதான் முதல் மடம். 1892-ல் ஆலம்பஜாருக்கு மாறினார்கள். அங்கேயும் வாடகைதான். 1897-ல் வந்த நிலநடுக்கத்தில் அந்த வீடு பலமாகச் சேதமானது. 1898 பிப்ரவரியில் ஆற்றைத் தாண்டி பேலூரில் நீலாம்பர் முகர்ஜி என்பவரின் தோட்ட வீட்டுக்குப் போனார்கள். பன்னிரண்டு வருடத்தில் மூன்று வாடகை வீடுகள்.

அதே 1898-ல்தான் பக்கத்திலேயே சொந்த நிலம் வாங்கப்பட்டது. விலை 39,000 ரூபாய். விவேகானந்தரின் ஆதரவாளர் ஹென்ரியட்டா முல்லர் கொடுத்த பணம் அது. நிலம் ஒன்றும் பிரமாதமானது இல்லை. படகுகளைப் பழுதுபார்க்கப் பயன்பட்ட மேடுபள்ளமான இடம். சமன் செய்யவே பெரிய வேலை இருந்தது. மேலே கட்டடம் எழுப்பவும் மடத்தை நடத்தவும் அமெரிக்கரான சாரா புல் உதவினார். 1898 டிசம்பர் 9 அன்று ராமகிருஷ்ணரின் அஸ்திக் கலசத்தை விவேகானந்தர் தன் தோளில் சுமந்துவந்து புதிய இடத்தில் வைத்துப் பூஜை செய்தார். 1899 ஜனவரியில் எல்லோரும் குடிவந்தார்கள்.

இடையில் ஒரு சம்பவம். நிலம் வாங்கிய அதே வருடம் கல்கத்தாவில் பிளேக் பரவியது. நிவாரணத்துக்குப் பணம் வேண்டும். பணம் சேரலைன்னா இப்போ வாங்கின மடத்து நிலத்தையே விற்றுவிடலாம் என்றார் விவேகானந்தர். பன்னிரண்டு வருடம் அலைந்து கிடைத்த நிலம் அது! கடைசியில் நிதி வேறு வழியில் வந்ததால் விற்க வேண்டிய தேவை வரவில்லை. இல்லைன்னா இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

முனிசிபாலிட்டியின் கேள்வி

நிலம் வந்ததும் வரி நோட்டீஸும் வந்தது. இது மத இடம் இல்லை, நரேந்திரநாத் தத்தாவின் தோட்ட வீடு, அதனால் வரிவிலக்கு கிடையாது என்றது பாலி நகராட்சி. (நரேந்திரநாத் தத்தா என்பது விவேகானந்தரின் இயற்பெயர்.) மடம் நீதிமன்றம் போனது. வழக்கில் மடத்தின் பக்கம்தான் தீர்ப்பு வந்தது.

நகராட்சியின் வாதம் அபத்தமாகத் தெரியலாம். ஆனால் காகிதத்தில் அதற்கு ஒரு காரணம் இருந்தது. அப்போது சொத்து விவேகானந்தர் பெயரில் இருந்தது. அமைப்பு என்று ஒன்று சட்டத்தின் கண்ணுக்குத் தெரியவில்லை. பூர்வீக வீட்டுக்காக அவருடைய குடும்பம் வருடக்கணக்கில் கோர்ட்டுக்கு அலைந்ததை நேரில் பார்த்தவர் அவர். சொத்து ஒரு தனிமனிதர் பெயரில் இருந்தால் என்னவெல்லாம் நடக்கும் என்பது அவருக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

1901 ஜனவரி 30 அன்று அறக்கட்டளைப் பத்திரம் எழுதி, மொத்தச் சொத்தையும் சகோதரத் துறவிகளை அறங்காவலர்களாக்கி அவர்களிடம் ஒப்படைத்தார். அந்தப் பட்டியலில் தன் பெயரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. சுவாமி பிரம்மானந்தர் தலைவரானார். அடுத்த வருடம், 1902 ஜூலை 4 அன்று, அதே வளாகத்தில் தன் அறையில் விவேகானந்தர் காலமானார். அப்போது அவருக்கு வயது 39. அந்த அறை இன்றும் அப்படியே பாதுகாக்கப்படுகிறது.

மடம் வேறு, மிஷன் வேறா?

நிறைய பேருக்கு இந்தக் குழப்பம் உண்டு. சட்டப்படி இரண்டும் வேறு. மடம் 1901 பத்திரத்தின்படி ஓர் அறக்கட்டளை. துறவிகளின் பயிற்சி, வழிபாடு எல்லாம் அதன் கீழ். மிஷன் 1897 மே 1 அன்று தொடங்கப்பட்டு, 1909-ல் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவானது. பள்ளி, கல்லூரி, மருத்துவமனை, வெள்ள நிவாரணம் போன்ற வேலைகள் அதன் கீழ். ஆனால் மடத்தின் அறங்காவலர்கள்தான் மிஷனின் ஆட்சிக்குழு. தலைவரும் ஒருவர்தான், தலைமையகமும் ஒன்றுதான். கணக்குப் புத்தகம் இரண்டு, ஆட்கள் அதேதான் என்று வைத்துக்கொள்ளலாம்.

பெண் துறவிகளுக்கு இங்கே இடம் இல்லை. அவர்களுக்காக 1954-ல் ஆற்றின் எதிர்க்கரையில், தட்சிணேசுவரத்தில் ஸ்ரீ சாரதா மடம் தொடங்கப்பட்டது. சில வருடங்களில் அது முழுக்கத் தனி அமைப்பாகிவிட்டது. பெண்களுக்குத் தனி மடம் வேண்டும் என்று விவேகானந்தர் சொன்னதற்கும் அது நடந்ததற்கும் இடையே அரை நூற்றாண்டு ஓடிப்போயிருந்தது.

கோயில் கட்ட ஏன் இவ்வளவு நாள்?

நிலம் வாங்கியது 1898. பெரிய கோயில் திறந்தது 1938. நாற்பது வருடம். முக்கியக் காரணம், பணம்.

வடிவம் பற்றிய யோசனை விவேகானந்தருடையது. வட இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் தான் பார்த்த கட்டடங்களின் அம்சங்களை ஒரே கோயிலுக்குள் கொண்டுவர வேண்டும் என்பது அவர் ஆசை. அதைக் காகிதத்துக்குக் கொண்டுவரும் வேலையை ஹரிபிரசன்ன சட்டோபாத்யாயாவிடம் கொடுத்தார். அவர் அரசாங்க இன்ஜினீயராக, டிஸ்ட்ரிக்ட் இன்ஜினீயர் பதவியில் இருந்துவிட்டுத் துறவியானவர். துறவுப் பெயர் சுவாமி விஞ்ஞானானந்தர். ஆரம்பக் கட்டடங்களையும் ஆற்றங்கரைத் தடுப்புச் சுவரையும் மேற்பார்வை பார்த்தவரும் அவரே.

ஆனால் பெரிய கோயில் வரைபடமாகவே தங்கிவிட்டது. அதற்குள் வளாகத்தில் சின்னக் கோயில்கள் எழுந்தன. 1921-ல் சாரதா தேவிக்கு, 1924-ல் விவேகானந்தருக்கும் பிரம்மானந்தருக்கும். இதில் சாரதா தேவி கோயில் மட்டும் ஆற்றைப் பார்த்தபடி இருக்கும். கங்கை மேல் அவருக்கு இருந்த பிரியம்தான் காரணம் என்பார்கள்.

1929 மார்ச் 13, ராமகிருஷ்ணர் பிறந்தநாள். அப்போதைய தலைவர் சுவாமி சிவானந்தர் பெரிய கோயிலுக்கு அடிக்கல் நாட்டினார். அப்போதும் வேலை நகரவில்லை. கடைசியில் பெரும்பணம் அமெரிக்காவிலிருந்து வந்தது. ஹெலன் ரூபெல், அன்னா வூஸ்டர் என்ற இரண்டு பக்தைகள் கொடுத்த நன்கொடை. 1935 ஜூலையில், குரு பூர்ணிமா அன்று, விஞ்ஞானானந்தர் அதே அடிக்கல்லை கொஞ்சம் தள்ளி, இப்போது கோயில் இருக்கும் இடத்தில் மறுபடி நாட்டினார். கட்டுமானம் மார்ட்டின் பர்ன் கம்பெனி. மொத்தச் செலவு சுமார் 8 லட்சம் ரூபாய்.

நிலத்தின் விலையோடு வைத்துப் பார்த்தால் கோயில் ஏறத்தாழ இருபது மடங்கு. இன்றைக்கு ஒரு பெருநகரத்தில் மனை வாங்கி வீடு கட்டுபவருக்கு இந்தக் கணக்கு தலைகீழாகத் தோன்றும்!

1938 ஜனவரி 14, மகர சங்கராந்தி. குடமுழுக்கை நடத்தியவர் விஞ்ஞானானந்தர். அப்போது அவர் அமைப்பின் நான்காவது தலைவர். விவேகானந்தரிடம் நேரில் கேட்டு வடிவம் வரைந்த மனிதரே, கிட்டத்தட்ட நாற்பது வருடம் கழித்து, அந்தக் கட்டடத்தைத் திறந்துவைத்தார். மூன்று மாதம் கழித்து ஏப்ரல் 25 அன்று காலமானார்.

கட்டடத்தில் என்ன இருக்கிறது?

நீளம் 233 அடி. உயரம் 112.5 அடி. ஒரு மாடிக்குப் பத்தடி என்று வைத்தால் பதினோரு மாடி. பரப்பு 32,900 சதுர அடி. நம்ம ஊர் கணக்கில் 13 கிரவுண்டுக்கும் மேல். வெளிப்புறத்தில் முக்கியமாகச் சுனார் கல்.

இப்போ அந்தக் குழப்பத்துக்கு வருவோம். முகப்பு வாசலின் தூண்களும் வளைவும் பௌத்த பாணி. அதற்கு மேல் உயர்ந்து எழும் பகுதியில் தென்னிந்தியக் கோபுரத்தின் சாயல். பக்கவாட்டு ஜன்னல்களிலும் மாடங்களிலும் ராஜபுத்திர, முகலாயக் கட்டடங்களின் சாயல். மேலே பெரிய குவிமாடம், அதன் மூலம் ஐரோப்பிய மறுமலர்ச்சிக் காலக் கட்டடக்கலை. சுற்றிலும் வங்காளக் குடிசைக் கூரை மாதிரி வளைந்த சின்னச் சின்ன முகடுகள். தரைப்படத்தை மேலிருந்து பார்த்தால் சிலுவை.

உள்ளே போனால் இன்னொரு ஆச்சரியம். வழக்கமான இந்துக் கோயிலில் கருவறையும் முன்மண்டபமும் பெரும்பாலும் தனித்தனி அமைப்புகள். வங்காளத்தில் 'நாட் மந்திர்' எனப்படும் மண்டபம் பல கோயில்களில் தனிக் கட்டடமாகவே நிற்கும். இங்கே சர்ச் மாதிரி நீண்ட கூடமும் கருவறையும் ஒரே கட்டடத்துக்குள். இரண்டு பக்கமும் வரிசையாகத் தூண்கள், அவற்றில் கிரேக்க பாணி. தூணுக்கு மேலே உத்தரங்களைத் தாங்கும் வேலைப்பாடு மதுரை மீனாட்சி அம்மன் கோயிலை நினைவூட்டுவது. ஒரே தூணில் கீழே ஏதென்ஸ், மேலே மதுரை!

கருவறையில் தாமரை மேல் ராமகிருஷ்ணரின் பளிங்குச் சிலை. செதுக்கியவர் கொல்கத்தாவைச் சேர்ந்த சிற்பி கோபேஸ்வர் பால். பீடம் உடுக்கை வடிவத்தில் இருக்கும். அஸ்தியும் அங்கேதான். கோயிலின் அலங்கார வேலைகளில் ஓவியர் நந்தலால் போஸின் பங்கும் இருக்கிறது.

இந்தக் கலவை அழகாக இருக்கிறதா? என் கருத்தைக் கேட்டால், தூரத்திலிருந்து பார்க்கும்போது கொஞ்சம் நெரிசல்தான். உள்ளே கூடத்தில் உட்கார்ந்தால் அந்த நெரிசல் தெரியாது. கட்டினவர்களுக்கு அழகைவிட, எல்லா மதங்களும் ஒரே இடத்துக்குத்தான் கூட்டிப்போகின்றன என்ற ராமகிருஷ்ணரின் கருத்தைக் கல்லில் சொல்ல வேண்டியிருந்தது. இங்கே துர்கா பூஜையும் நடக்கும், கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு இயேசுவுக்கு ஆராதனையும் நடக்கும். எந்த மதத்தவரும் உள்ளே போகலாம்.

அப்படியானால் இது இந்து மதமா, வேறு மதமா?

இங்கேதான் வழக்கு வருகிறது. ஆனால் அது கோயிலில் ஆரம்பிக்கவில்லை, கல்லூரியில் ஆரம்பித்தது.

மேற்கு வங்கத்தில் மிஷன் நடத்தும் கல்லூரிகளில் ஒன்று ரஹராவில் இருக்கிறது. அதன் நிர்வாகக் குழு யார் கையில், முதல்வரை நியமிப்பது யார் என்ற தகராறு முற்றியது. அப்போது மாநிலத்தில் இடதுசாரி ஆட்சி. அரசு உதவி பெறும் மற்ற கல்லூரிகளுக்கான விதிகள் இங்கேயும் வந்தால் நிர்வாகம் கைவிட்டுப் போகும் என்று மிஷன் பயந்தது. அரசியல் சட்டத்தின் 30-வது பிரிவு சிறுபான்மையினருக்குத் தங்கள் கல்வி நிறுவனங்களை நடத்திக்கொள்ளும் உரிமையைத் தருகிறது. அந்தப் பாதுகாப்பு வேண்டும் என்றால் முதலில் சிறுபான்மையாக இருக்க வேண்டும். 1980-ல் மிஷன் கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் வைத்த வாதம் இதுதான்: ராமகிருஷ்ணரைப் பின்பற்றுவது இந்து மதத்திலிருந்து வேறுபட்ட தனி மதம், நாங்கள் மதச் சிறுபான்மையினர்.

சிகாகோவில் இந்து மதத்துக்காகப் பேசியவர் உருவாக்கிய அமைப்பு, 'நாங்கள் இந்து மதம் இல்லை' என்று கோர்ட்டில் சொன்னது! அமைப்புக்கு உள்ளேயும் வெளியேயும் பெரிய விவாதம் நடந்தது. உயர் நீதிமன்றம் மிஷன் பக்கம் நின்றது. எதிர்த்தரப்பு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது.

1995 ஜூலை 2 அன்று தீர்ப்பு. சுருக்கமாகச் சொன்னால்: ராமகிருஷ்ணர் வழி தனி மதம் அல்ல, அதனால் 30-வது பிரிவு கிடையாது. ஆனால் அது இந்து மதத்துக்குள் இருக்கும் ஒரு சமயப் பிரிவு, அதனால் 26-வது பிரிவு உண்டு. கல்லூரி விஷயத்தில், அரசின் சம்மதத்தோடு நீண்ட காலமாக இருந்துவந்த தனி நிர்வாக ஏற்பாட்டை நீதிமன்றம் குலைக்கவில்லை. மத வாதத்தில் தோற்ற மிஷன், கல்லூரி வாதத்தில் தோற்கவில்லை.

சமயப் பிரிவு என்றால் என்ன கிடைக்கும்?

அரசியல் சட்டத்தின் 26-வது பிரிவு தரும் உரிமைகள் நான்கு. மத, அறப்பணி நிறுவனங்களை ஏற்படுத்தி நடத்தலாம். மத விவகாரங்களைத் தாங்களே கவனித்துக்கொள்ளலாம். சொத்து வைத்திருக்கலாம். அந்தச் சொத்தைச் சட்டப்படி நிர்வகிக்கலாம். எல்லாமே பொது ஒழுங்கு, ஒழுக்கநெறி, சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டது.

கடைசி உரிமையில் இருக்கும் 'சட்டப்படி' என்ற வார்த்தையைக் கவனியுங்கள். பூஜை எப்படி நடக்க வேண்டும் என்பதில் அரசு தலையிடுவது கஷ்டம். ஆனால் சொத்துக் கணக்கைச் சட்டம் போட்டு ஒழுங்குபடுத்தலாம். இந்தியாவில் கோயில், மடம் தொடர்பான வழக்குகளில் பாதிச் சண்டை இந்தக் கோட்டை எங்கே போடுவது என்பதில்தான்.

யார் சமயப் பிரிவு என்பதற்கு அளவுகோலைத் தந்தது 1954-ம் வருட சிரூர் மடம் வழக்கு. மடம் உடுப்பியைச் சேர்ந்தது, வழக்கு அன்றைய மெட்ராஸ் அரசின் அறநிலையச் சட்டத்தை எதிர்த்து. அதிலிருந்து வளர்ந்த சோதனை மூன்று கேள்விகள் கொண்டது. பொதுவான நம்பிக்கை இருக்கிறதா? பொதுவான அமைப்பு இருக்கிறதா? தனிப் பெயர் இருக்கிறதா?

கேட்க எளிமை. முடிவுகள் அப்படி இல்லை. ஆனந்த மார்க்கம் சமயப் பிரிவு என்று 1980-களில் ஏற்கப்பட்டது. அதே காலகட்டத்தில் ஆரோவில் வழக்கில் அரவிந்தரைப் பின்பற்றுவோர் சமயப் பிரிவு இல்லை என்று பெரும்பான்மை நீதிபதிகள் சொன்னார்கள், அவருடைய போதனை மதம் அல்ல, தத்துவம் என்பது காரணம். சிதம்பரம் பொது தீட்சிதர்கள் 2014-ல் தேறினார்கள், நடராஜர் கோயில் நிர்வாகம் தமிழக அரசிடம் போகாமல் அவர்களிடமே இருப்பது அதனால்தான். 2018 சபரிமலை தீர்ப்பில் ஐயப்ப பக்தர்கள் தேறவில்லை.

இந்த வரிசையில் பேலூர் மடத்துக்கு இருந்த பெரிய பலம் எது என்று பார்த்தால், அமைப்பு என்ற இரண்டாவது கேள்விக்குக் கையில் இருந்த பதில். பத்திரம், அறங்காவலர்கள், தேர்ந்தெடுக்கப்படும் தலைவர், தலைமையகம், கிளைகள். நகராட்சியோடு வரிச் சண்டை நடந்த காலத்தில் எழுதிய காகிதம் தொண்ணூற்று நான்கு வருடம் கழித்தும் உதவியது என்பது என் வாசிப்பு.

அரசியல் இங்கே வருமா?

மிஷனின் துறவிகள் அரசியலில் ஈடுபடக் கூடாது என்பது விதி. தேர்தலில் ஓட்டுப் போடுவதில்லை என்பது நீண்ட கால வழக்கம். அதனால்தான் 2020 ஜனவரி 12 பெரிய செய்தியானது. பிரதமர் நரேந்திர மோடி முந்தைய இரவு மடத்திலேயே தங்கி, விவேகானந்தர் பிறந்தநாளான அன்று காலை அங்கே நடந்த கூட்டத்தில் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை ஆதரித்துப் பேசினார். நாடு முழுக்க அந்தச் சட்டத்துக்கு எதிரான போராட்டங்கள் நடந்துகொண்டிருந்த நேரம் அது. மடத்தின் மேடையை அரசியலுக்குப் பயன்படுத்தலாமா என்ற கேள்வி எழுந்தது. விருந்தினர் பேசியதற்கு நாங்கள் பொறுப்பில்லை, நாங்கள் அரசியல் சார்பற்றவர்கள் என்பது மடத்தின் நிலைப்பாடு.

தமிழ்நாட்டுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

1897-லேயே சுவாமி ராமகிருஷ்ணானந்தரை விவேகானந்தர் சென்னைக்கு அனுப்பினார். மெரினாவில் இப்போது விவேகானந்தர் இல்லம் என்று சொல்லப்படும் ஐஸ் ஹவுஸில்தான் அவர் மடத்தை நடத்தினார். பிறகு அது மயிலாப்பூருக்குப் போனது. பேலூரின் 16-வது தலைவரான சுவாமி ஸ்மரணானந்தர் தஞ்சாவூர் மாவட்டம் ஆந்தமி கிராமத்தில் 1929-ல் பிறந்தவர். 2024 மார்ச் 26 அன்று அவர் காலமானார். அடுத்த மாதம் 17-வது தலைவராகத் தேர்வான சுவாமி கௌதமானந்தர் அதற்கு முன் மயிலாப்பூர் மடத்தின் தலைவராகப் பல வருடம் இருந்தவர்.

நேரில் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு தகவல். மதியம் கோயில் சில மணி நேரம் மூடியிருக்கும், நேரமும் கோடைக்கு ஒன்று, குளிருக்கு ஒன்று என்று மாறும். உள்ளே போட்டோ எடுக்க அனுமதி இல்லை. தூணின் மேலே அந்த மதுரை வேலைப்பாட்டைப் பார்க்க வேண்டும் என்றால் நிமிர்ந்து பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.